புத்தகமும் வாசகரும் ஒரே பாயில்: மலையகத்தில் எழுத்தாளர் சந்திப்பு நடத்த முதன்முறை இறங்குவோருக்கு

நாங்கள் நடத்திய முதல் கூட்டத்துக்கு 110 பேர் வந்தார்கள். விற்ற புத்தகங்கள் 7. காலை 10 மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம், தொடங்கும்போது 10.50. மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை நான்கு, நயவுரை மூன்று, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், பொன்னாடைகள், ஏற்புரை. நன்றியுரைக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தபோது மணி 2.15. பின்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள், பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டவில்லை. புரட்டுவதற்கு நாங்கள் நேரமே வைக்கவில்லை.

வெளியீட்டு விழாவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிறப்புப் பிரதி பெறுகிறவர்கள் பணம் வைத்து நீட்டும் கடித உறைகள் இல்லாவிட்டால் நம்மிடையே பல நூல்களின் அச்சுக்கூலி இன்றும் கடனாகவே நின்றிருக்கும். ஆனால் அந்த விழாவின் வேலை அது. வாசகரைத் தேடிப் போவது வேறு வேலை. அதற்குத் தனியாக ஒரு பிற்பகல் வேண்டும், வேறு ஏற்பாடு வேண்டும். பிறகு இலங்கை மலையகத்தின் சில தேயிலைத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் அப்படியான சந்திப்புகளை நடத்தியதில் பட்டுத் தெரிந்துகொண்டதை, இனி முதன்முறை இறங்கப் போகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எதற்கு, எத்தனை பேருக்கு

எழுத்தாளர்கள் 5 பேர், வாசகர்கள் 40 பேர், நேரம் 2 மணி. முதல் முறைக்கு இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 40 பேர் என்றால் ஒலிபெருக்கி வேண்டாம், குரலே போதும். ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், கையில் ஒலிவாங்கி வந்தவுடன் எல்லோருடைய பேச்சும் நீளும். அது இல்லாதபோது எழுத்தாளர் வாசகருக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். நமக்கு வேண்டியது அந்த நெருக்கம்தான்.

நகரத்தில் நூலகம் இருக்கும்போது தோட்டத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பொது நூலகங்களை நடத்தும் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தோட்டங்களுக்குள் பணம் செலவழிப்பதற்கு அது தடையாக நின்றது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். அதாவது, நூலகம் என்பது மூன்று தசாப்தங்களாக நகரத்துக்கும் கிராமத்துக்கும் உரியதாக இருந்தது; லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருந்த பிள்ளைக்கு அது ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. அந்த வழக்கம் ஒரு திருத்தத்தோடு மாறிவிடாது. வாசகர் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு முன் நாம் போய்ப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எழுத்தாளர்களைத் தேடுதல்

உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் யாரும் இல்லை என்று நினைத்தால், அது தேடாததால் வந்த நினைப்பு. பாடசாலை அதிபரிடம் கேளுங்கள்; ஆசிரியர்களில் ஒருவராவது கவிதைத் தொகுதி போட்டிருப்பார். நகரத்து அச்சகத்தில் கேளுங்கள். கடந்த சில ஆண்டுகளில் புத்தகம் அச்சிட்டவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். தபால்காரர், தோட்டத்து வைத்திய உதவியாளர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டே கதை எழுதும் இளைஞர் என்று பட்டியல் நீளும். 300 பிரதிகள் அச்சிட்டு, 200 பிரதிகளைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவர்களை நான் பல இடங்களில் சந்தித்திருக்கிறேன். அவர்கள்தான் உங்கள் சந்திப்புக்கு உரியவர்கள்.

ஐந்து பேரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். வரப்போகும் வாசகர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் சிறுவருக்கு எழுதுபவராக இருந்தால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வந்தால் தாய்மாரும் வருவார்கள். ஐந்து கவிஞர்களை மட்டும் வரிசையாக அழைத்தால் கூட்டம் களைத்துப்போகும். கதை, கவிதை, நினைவுக்குறிப்பு, தோட்ட வரலாறு என்று கலந்து எடுங்கள்.

எழுத்தாளரின் பட்டம் பதவிகளை விட அவருடைய தோட்டத்தின் பெயரை முன்னால் போடுங்கள். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தம் பெயருக்கு முன்னால் ஒரு தோட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டே வாழ்ந்து 2022இல் மறைந்தவர். தோட்டத்தின் பெயரைக் கேட்டால் நம்மவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எந்த டிவிசன், யாருடைய மகன், மேல் லயமா கீழ் லயமா என்று கேள்வி வரும். அங்கேயே உரையாடல் தொடங்கிவிட்டது.

அழைக்கும்போது நான்கு விடயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வாசிப்பு 5 நிமிடம் மட்டும், பொன்னாடை இல்லை, விற்ற பணம் முழுவதும் எழுத்தாளருக்கே, பயணச் செலவு நம்முடையது. கடைசி விடயத்தில் தவறக் கூடாது. சொந்தக் காசில் அச்சிட்டவரைச் சொந்தக் காசில் பஸ் ஏறி வரச் சொல்வது நியாயமில்லை. ஐந்து பேருக்கான பஸ் கட்டணமும், புத்தகக் கட்டுகளோடு சந்தியிலிருந்து தோட்டத்துக்கு வர ஆட்டோக் கூலியும் எவ்வளவு என்று முதலே கணக்குப் பார்த்து, அந்தப் பணம் கையில் வந்த பிறகு திகதியை அறிவியுங்கள்.

நாள் பார்ப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகமாக இடறுகிறார்கள். மற்ற வேலைகளுக்குச் செலவிடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கை இதற்குக் கொடுங்கள்.

திங்கள் முதல் சனி வரை தோட்டத்தில் வேலைநாள். அந்த நாட்களில் ஒருவர் உங்கள் கூட்டத்துக்கு வர வேண்டுமானால் ஒரு பேரை, அதாவது ஒரு நாள் வேலைப் பதிவை, இழக்க வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று யாரிடமும் கேட்கக் கூடாது. மிஞ்சுவது ஞாயிறு. ஞாயிறும் சும்மா கிடக்கும் நாள் அல்ல. துணி துவைப்பது, விறகு சேர்ப்பது, பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பேன் பார்ப்பது எல்லாம் அன்றைக்குத்தான். தேயிலைக் கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது உடன் காசு தரும் வேலைக்கு, போவார்கள். ஆகவே எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு என்பதை உங்கள் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தோட்டத்து அக்காமார் இருவர் மூவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை.

சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அதற்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு, புத்தகம் வாங்கக் கையில் காசு இருக்கும் நாள். ஆனால் அன்று காலை எல்லோரும் சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருப்பார்கள். எனவே நகரத்தில் நடத்துவதானால் அந்த ஞாயிற்றின் காலை 9.30 மணியைப் பிடியுங்கள். சந்தைக்கு வருகிறவர்கள் பையோடு உள்ளே வந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் நடத்துவதானால் அதே நாளின் பிற்பகல், அல்லது அதற்கடுத்த ஞாயிறு.

மழையை மறக்க வேண்டாம். ஹட்டன், மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அந்தக் காலத்தில் மழையில்லாமல் வறண்டிருக்கும். அங்கே ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். வடகீழ்ப் பருவம் தொடங்கினால் கதை தலைகீழாகும்: பதுளை உள்ளிட்ட ஊவாப் பக்கம் நனையும், ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் பார்க்கலாம். ஒக்டோபரும் நவம்பரும் எங்கேயும் பிற்பகல் இடிமழைக் காலம். தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபரில் வருவதால் நூலகங்களும் பாடசாலைகளும் அந்த மாதத்தில் ஏதாவது செய்ய விரும்பும், இடம் எளிதாகக் கிடைக்கும். அந்த மாதத்தில் வைப்பதானால் காலையில் வையுங்கள்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் வரை. அந்த மாதங்களில் வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் ஹட்டன் – மஸ்கெலியா பஸ்களில் புத்தகக் கட்டோடு ஏறுவது பெரும்பாடு. புலமைப்பரிசில், சாதாரணதரப் பரீட்சைகள் நெருங்கும் வாரங்களையும், அந்தந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவையும், மாசியில் காமன் கூத்து நடக்கும் நாட்களையும் விசாரித்து விலக்குங்கள்.

ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்புவார்கள். பொங்கலுக்கு அடுத்த நாள் பிற்பகல் நாங்கள் நடத்திய ஒரு சந்திப்பில் வந்தவர்களில் பாதிப்பேர் அப்படி விடுமுறையில் வந்த இளையவர்கள். தங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு புத்தகத்தில் இருப்பதைக் கண்டு, ஊர் திரும்பும் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

இடமும் அனுமதியும்

பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் காப்பகம்), கோயில் மண்டபம், பாடசாலை, வாசிகசாலை என்று நான்கு இடங்கள் பொதுவாகக் கிடைக்கும். எனக்குப் பிடித்தது பிள்ளைக்காம்பரா. லயத்துக்கு அருகில் இருக்கும், தண்ணீரும் கழிப்பறையும் இருக்கும், எல்லாப் பெண்களும் பழகிய இடம். கோயில் மண்டபம் நல்லதுதான். ஆனால் வேறு மதத்து வீடுகளும் அந்தத் தோட்டத்தில் இருந்தால் அவர்கள் தயங்கக்கூடும். எல்லோரும் கால் வைக்கத் தயங்காத இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தோட்டத்துக் கட்டடம் எதுவானாலும் முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்: நாள், நேரம், எத்தனை பேர், என்ன நடக்கும், பணம் வசூல் இல்லை, பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்து, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை வாய்ச்சொல்லை நம்பிப் போனோம். கதவு பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் சாரல் அடிக்க, ஒரு வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நெருக்கியடித்துக்கொண்டு வாசித்துவிட்டு வந்தோம். பாடசாலை என்றால் அதிபரிடம் பேசுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டுமா என்பதை அவரே சொல்வார்.

அழைப்பு

அச்சிட்ட அழைப்பிதழ் தேவையில்லை. பெரிய எழுத்தில் கையால் எழுதிய நான்கு தாள்கள் போதும்: கடை, கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), கோயில், பிள்ளைக்காம்பரா. வாட்ஸ்அப்பில் ஒரு படம் போடலாம். இளையவர்களுக்கு அது போய்ச் சேரும்.

ஆனால் நம்மிடையே அழைப்பு என்பது வீட்டுக்கு வந்து சொல்வது. அதை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் சனிக்கிழமை மாலை, வேலை விட்டு முகம் கழுவி உட்காரும் நேரத்தில், லயம் லயமாகப் போங்கள். தோட்டத்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். “நாளைக்கு உங்கள் பிள்ளைக்காம்பராவில் புத்தகம் எழுதியவர்கள் வருகிறார்கள், வந்து கேளுங்கள் அம்மா” என்று சொன்னால், “எனக்கு வாசிக்கத் தெரியாதே, தம்பி” என்ற பதில் பல வாசல்களில் வரும். வாசித்துக் காட்டப் போகிறார்கள், கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நேரில் போக வேண்டும். எந்தத் தாளிலும் அதை எழுத முடியாது.

புத்தக மேசை

மேசையை வாசலுக்கு அருகில் போடுங்கள். உள்ளே வருகிறவர் புத்தகத்தைக் கடந்தே வர வேண்டும். மேசை உயரமாக இருந்தால் பிள்ளைகளுக்காகப் பக்கத்தில் ஒரு பாயையும் விரியுங்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம், முடிந்த பிறகு அரை மணி நேரம் மேசை திறந்திருக்க வேண்டும். இந்த அரை மணிகளை நேர அட்டவணையில் எழுதி வைக்காவிட்டால் பேச்சு அவற்றைத் தின்றுவிடும்.

நம் மலைகளில் புத்தகத்துக்குப் பகை ஈரம். வழவழப்பான அட்டை போட்ட புத்தகத்தை மூடுபனிக் காற்றில் ஒரு மணி நேரம் வைத்தால் அட்டை மேல்நோக்கி வளைந்துவிடும். சீமெந்துத் தரையில் புத்தகக் கட்டுகளை நேராக வைத்தால் கீழ்ப்பிரதிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கட்டுகளைப் பலகையின் மேலோ கதிரையின் மேலோ வையுங்கள். மேசையில் ஒரு தலைப்புக்கு மூன்று பிரதிகள் மட்டும். மற்றவை பொலித்தீன் பையில் கட்டியபடி இருக்கட்டும். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு போல ஒரு பெரிய படங்கு கையில் இருக்க வேண்டும். ஜன்னல் வழியே சாரல் வந்தால் மேசையை மூட அது உதவும்.

ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியை ‘பார்வைப் பிரதி’ என்று எழுதி நூலில் கட்டி வையுங்கள். விரல் படிந்தாலும் பக்கம் மடிந்தாலும் பரவாயில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். புதுப் புத்தகத்தைத் தொட்டால் வாங்கியாக வேண்டும் என்ற பயம் பலருக்கு உண்டு. கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒரு விரலால் அட்டையை மட்டும் தடவிவிட்டு நகர்ந்து போன பெண்களைப் பார்த்த பிறகுதான் இந்த வழக்கத்தைத் தொடங்கினோம்.

விலையைப் பெரிதாக எழுதி அட்டையின் மேல் வையுங்கள். விலை கேட்பதற்கே கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 20, 50, 100 ரூபாய்த் தாள்களாகச் சில்லறை கொண்டு போங்கள். சம்பளத்துக்குப் பிறகு வருகிறவர்கள் பெரிய தாளைத்தான் நீட்டுவார்கள். வடையும் ரொட்டியும் மேசைப் பக்கம் வரக் கூடாது, எண்ணெய்க் கறை போகாது. அவித்த கடலையும் பிளேன்டீயும் வாசிப்பெல்லாம் முடிந்த பிறகு, அறையின் மறுகோடியில்.

அந்த இரண்டு மணி நேரம்

கதிரைகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள், அல்லது எல்லோரும் பாயில் உட்காருங்கள். பிரமுகர் ஒருவரை அழைத்தே ஆக வேண்டிய நிலை வரலாம். வரட்டும். அவரை உரையாற்றச் சொல்லாமல், ஒரு புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு பாட்டோடு தொடங்குங்கள். இது நான் கண்டுபிடித்த வழியல்ல. 1930களில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு தொழிலாளர் கூட்டங்களுக்குப் போன அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாடித்தான் மக்களைச் சேர்த்தார். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். தோட்டத்து வாய்மொழிப் பாடல்களை மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து நூலாக்கினார். நம்மிடையே எழுத்தும் பாட்டும் அவ்வளவு நெருக்கம். அந்தத் தோட்டத்திலேயே தாலாட்டோ கொழுந்து மலைப் பாட்டோ தெரிந்த ஒரு பாட்டியை முதலே பார்த்துப் பேசி வையுங்கள். அவர் பாடி முடித்ததும் அறையிலுள்ள இறுக்கம் குறைந்துவிடும். அடுத்து வாசிக்கும் எழுத்தாளருக்கும் கை நடுங்காது.

பிறகு முதல் எழுத்தாளர். அவர் எதை வாசிப்பார் என்பதை நீங்கள் முதலே கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும். முன்னுரை, அணிந்துரை, என்னுரை வேண்டாம். ஒரு மனிதர் ஏதாவது செய்கிற இடமாக, ஒன்றரைப் பக்கம். வீட்டில் உரக்க வாசித்துக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கவிஞர்களிடம் ஒரே கவிதையை இரண்டு முறை வாசிக்கச் சொல்வேன். காதால் கேட்கிறவருக்கு இரண்டாம் முறைதான் பிடிபடும்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் பிறகு 10 நிமிடம் வாசகருக்கு. இதுதான் சந்திப்பின் உயிர், இதைத்தான் பயத்தில் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். “கேள்விகள் இருக்கின்றனவா?” என்று கேட்டால் அமைதிதான் பதில். “உங்கள் தோட்டத்தில் இது எப்படி?” என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு சந்திப்பில் இளம் எழுத்தாளர் ஒருவர் தம் சிறுகதையிலிருந்து கொழுந்து மலைக் காட்சியொன்றை வாசித்தார். நகரத்தில் வளர்ந்தவர், பாட்டியின் வாழ்க்கையை எழுதியிருந்தார். கதையில் வரும் பெண் கூடைக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினாள். வாசித்து முடித்ததும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், மெதுவாகச் சொன்னார்: “கயிறு தோளில் இல்லை, தம்பி. தலையில்.” சொல்லிவிட்டு, தலைத்துணியை விலக்கி, உச்சந்தலைக்கு முன்னால் முடி தேய்ந்து வழித்தடம் போலக் கிடந்த இடத்தைக் காட்டினார். அவர் அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் செடிகளின் மேல்மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு இருந்ததா, இல்லையென்றால் மட்டம் எப்படிப் பார்த்தாள், காலையில் பனி ஈரத்தோடு நிறுத்தால் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் வெட்டுவார்களே, அதைக் கதையில் ஏன் எழுதவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எழுத்தாளர் எழுந்து போய் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தம் புத்தகத்தின் ஓரத்திலேயே பேனாவால் குறித்துக்கொண்டார். குறித்த அந்தப் பிரதியையே தனக்கு வேண்டும் என்று அம்மா கேட்டார். ஏழாம் வகுப்பில் படிக்கும் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்றார். அவர் காசு கொடுத்தார்; எழுத்தாளர் மறுத்தார்; அவர் விடவில்லை, வாங்கிக்கொள்ள வைத்தார்.

இப்படி ஒன்று நடக்கும்போது நேர அட்டவணையைப் பார்க்காதீர்கள். அடுத்த எழுத்தாளருக்கு 3 நிமிடம் குறைந்தால் குறையட்டும். அதே நேரத்தில் வாசகரின் திருத்தத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் எழுத்தாளரும் உண்டு. அழைக்கும்போதே, கேட்பவர்கள் பேசுவார்கள், திருத்துவார்கள் என்று சொல்லி, அதற்கு மனம் ஒப்பியவர்களை மட்டும் கூட்டி வாருங்கள்.

பிள்ளைகளை ஒரு மூலையில் அமைதியாக வைத்திருக்கப் பார்க்காமல் நடுவில் ஒரு முறை அவர்களுக்கு இடம் கொடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சிறுவர் கதையை எழுந்து நின்று உரக்க வாசித்தால், அதன் தாயும் அம்மாயியும் அந்தப் புத்தகத்தை வாங்காமல் போவது அரிது.

4.30க்கு முடிப்பதென்று சொன்னால் 4.30க்கு முடியுங்கள். வீட்டில் உலை வைக்க வேண்டும். எழுத்தாளர்களுக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது உங்கள் சட்டைப் பையில் எழுதியிருக்க வேண்டும். ஞாயிறுகளில் பஸ் குறைவு.

கணக்கு

மேசைக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. அவர் எழுத்தாளராக இருக்கக் கூடாது. கையில் ஒரு கொப்பி, செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) போலக் கோடு போட்டது: தலைப்பு, விலை, கொண்டு வந்தது, விற்றது, திரும்பியது, தொகை. ஒவ்வொரு விற்பனைக்கும் அந்த நேரத்திலேயே ஒரு கோடு. முடிந்தவுடன் எழுத்தாளரின் முன்னால் எண்ணிக் கொடுத்து, கையொப்பம் வாங்குங்கள். “பிறகு அனுப்பி வைக்கிறோம்” என்ற சொல்லால் உடைந்த நட்புகளை எனக்குத் தெரியும்.

கடன் கேட்பார்கள். அடுத்த சம்பளத்துக்குத் தருகிறேன் என்பார்கள். எழுத்தாளர் சம்மதித்தால் கொடுங்கள். பெயரும் லய இலக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் நாங்கள் போனபோது கிட்டத்தட்ட எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் இரண்டாவது புத்தகமும் கேட்டார்.

எழுத்தாளர்களுக்கு இன்னொரு குறிப்பு. புத்தகத்துக்கு சர்வதேச தர நூல் எண் எடுத்துவிடுங்கள். கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை அதை வழங்குகிறது. நூலகங்களுக்கு விற்கப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். பிரதிகள் தீர்ந்துபோன பழைய புத்தகம் இருந்தால், நூலகம் என்ற பெயரில் 2005 முதல் இயங்கும் இணைய நூலகத்துக்கு எழுத்தாளரின் ஒப்புதலோடு கொடுங்கள். கட்டிலுக்கடியில் கறையானுக்குப் போவதற்குப் பதில், கனடாவிலிருக்கும் ஒருவரும் லயத்திலிருக்கும் ஒரு மாணவியும் வாசிப்பார்கள்.

போன பிறகு

ஒவ்வொரு எழுத்தாளரும் ஒரு பிரதியை அந்தத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகட்டும். பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றில் அவற்றைப் போட்டு, பிள்ளைக்காம்பரா அம்மாவிடமோ, நம்பிக்கையான ஒரு வீட்டிலோ வையுங்கள். தகரம்தான் நல்லது, மரப்பெட்டிக்குள் பூஞ்சணம் வரும். உள்ளே ஒரு சிறு கொப்பியும் கயிற்றில் கட்டிய பென்சிலும். யார் எடுத்தார், என்று திருப்பினார் என்பது மட்டும் போதும், தண்டப்பணம் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைப் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியோடு மாற்றுங்கள்.

அந்த வாரத்துக்குள் ஐந்து எழுத்தாளர்களையும் தொலைபேசியில் அழைத்து, தங்கள் புத்தகத்தைப் பற்றி யார் என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். நன்றி சொல்வதை விட அது அவர்களுக்கு வேண்டும்.

ஞாயிறு மாலையே இடத்தைக் கூட்டி, பாய்களை உதறி, தொட்டில்களை இருந்த இடத்தில் வைத்து, சாவியைக் கையோடு ஒப்படைத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்கு வந்துவிடுவார்கள்.